மன்னார் வளைகுடாவின் காணாமற்போன தீவுகள்

மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா இராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடைப்பட்ட கடலில் உள்ள 21 தீவுகளையும் அவற்றைச் சூழ்ந்த ஆழமற்ற கடற்பரப்பையும் கொண்டது. 1986 ஆம் ஆண்டு தமிழ்நாடு அரசால் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. இதன் பரப்பு 560 சதுர கிலோமீட்டர். அரசாணையிலும் பாடநூல்களிலும் தீவுகளின் எண்ணிக்கை 21 என்றே உள்ளது. ஆனால் இன்று கடல் மட்டத்துக்கு மேல் இருப்பவை 19 மட்டுமே. பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்னும் இரண்டு தீவுகளும் நீருக்குள் சென்றுவிட்டன.

இந்தத் தீவுகளுக்கு என்ன நேர்ந்தது, அடுத்து மறையக்கூடியது எது என்னும் கேள்விகளுக்கு விடை தேடிய வரலாறு சற்று வேறுபட்டது. இந்தப் பூங்காவை, பழைய நில அளவை வரைபடங்களையும் செயற்கைக்கோள் படங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, திரையின் முன் அமர்ந்தபடியே ஆய்வாளர்கள் சுற்றிவந்தனர். புதிரின் பெரும்பகுதி அப்படித்தான் அவிழ்ந்தது. எஞ்சிய பகுதிக்குக் கடலில் மூழ்கிப் பார்த்தவர்களும், அக்கடலில் தொழில் செய்தவர்களும் தேவைப்பட்டனர்.

தீவுகளின் அமைப்பு

மன்னார் வளைகுடாத் தீவுகள் நான்கு தொகுதிகளாகப் பிரிக்கப்பட்டுள்ளன. மண்டபம் தொகுதியில் சிங்கிள், குருசடை, புள்ளிவாசல், பூமரிச்சான், மனோலிப்புட்டி, மனோலி, முயல் தீவு ஆகிய ஏழும், கீழக்கரைத் தொகுதியில் முல்லி, வாலை, தலையாரி, அப்பா, பூவரசன்பட்டி, வாலிமுனை, ஆனைப்பார் ஆகிய ஏழும் அடங்கும். வேம்பார் தொகுதியில் நல்லதண்ணி, புலிவினிசல்லி, உப்புத்தண்ணி ஆகிய மூன்றும், தூத்துக்குடித் தொகுதியில் கரியசல்லி, விலாங்குசல்லி, காசுவாரி, வான் தீவு ஆகிய நான்கும் உள்ளன.

இவற்றில் பெரியது முயல் தீவு. அதன் பரப்பு சுமார் 129 ஹெக்டேர். எல்லாத் தீவுகளின் நிலப்பரப்பையும் கூட்டினால் சுமார் 623 ஹெக்டேர், அதாவது ஆறு சதுர கிலோமீட்டரைச் சற்றே தாண்டும். பூங்காவின் மொத்தப் பரப்பில் இது மிகச் சிறு பங்கு. மறைந்த இரண்டு தீவுகளுமோ ஒவ்வொன்றும் ஒரு ஹெக்டேருக்கும் குறைவானவை. பூவரசன்பட்டி சுமார் கால் ஹெக்டேரும் விலாங்குசல்லி 0.95 ஹெக்டேரும் இருந்ததாகப் பதிவுகள் கூறுகின்றன.

இவை மலைத்தீவுகள் அல்ல. கடலடியில் வளர்ந்த பவளப்பாறையின் மேல், அலை உடைத்துப்போட்ட பவளத் துண்டுகளும் மணலும் சிப்பியும் குவிந்து உருவானவை. பல தீவுப் பெயர்களின் இறுதியில் வரும் 'சல்லி' என்னும் சொல் உடைந்த கல் துண்டுகளைக் குறிப்பது. 'பார்' என்னும் சொல் கடலுக்கடியிலுள்ள பாறைத்திட்டைக் குறிப்பது. தீவு எதனால் ஆனது என்பதை இப்பெயர்களே ஓரளவு உணர்த்திவிடுகின்றன. சல்லியால் ஆன தீவு, அதற்கு முன்னால் பார் இருக்கும்வரைதான் நிலைக்கும். கடலிலிருந்து வரும் அலை முதலில் பாரில் மோதி வலுவிழந்து, அதன் பிறகே தீவின் கரையைத் தொடுகிறது. பார் தாழ்ந்தால் அலை உயரம் குறையாமல் கரைக்கு வரும். கரையிலுள்ள மணலும் சல்லியும் இடம்பெயரும்.

நேரில் கண்டவர்களின் பதிவுகள்

செயற்கைக்கோள் வருவதற்கு முன்பே இக்கடலைப் பற்றிய எழுத்துப் பதிவுகள் இருந்தன. 1863 இல் சென்னைப் பல்லாவரத்தில் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்த நிலவியலாளர் இராபர்ட் புரூஸ் பூட், இராமேசுவரம் தீவைப் பற்றி 1888 இல் எழுதிய குறிப்பில், அங்கே கடல் மட்டத்துக்கு மேல் எழும்பி நிற்கும் பழைய பவளப்பாறைகளை விவரித்தார். பவளம் நீருக்குள்தான் வளரும். எனவே அது நிலத்தில் நிற்பது, ஒருகாலத்தில் கடலுக்கும் நிலத்துக்கும் இடையிலான எல்லை வேறாக இருந்ததற்குச் சான்று. இப்பகுதியில் கரை நிலையானதல்ல என்பது அப்போதே தெரியவந்த செய்தி.

சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் 1880களின் பிற்பகுதியில் இங்கு வந்து, முத்து மற்றும் சங்குக் குளிப்பையும் கடல் உயிரினங்களையும் பற்றி 1890 இல் நூல் வெளியிட்டார். குருசடைத் தீவின் கடலோர உயிரினங்களைத் தொகுத்துச் சென்னை அருங்காட்சியகம் 1927 இல் ஒரு தொகுதியை வெளியிட்டது. பிற்காலத்தில், மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் 1971 இல் கொச்சிக்கு மாறும்வரை மண்டபத்தைத் தலைமையிடமாகக் கொண்டிருந்தது. அங்கிருந்த அறிவியலாளர்கள் பவள இனங்களைக் கணக்கெடுத்ததோடு, அவை வெட்டி எடுக்கப்படுவதைப் பற்றி 1970களிலேயே எழுதினர்.

இவை எல்லாவற்றுக்கும் மேலாக மீனவர்களின் அறிவு இருந்தது. கரையிலுள்ள கோபுரம், கலங்கரை விளக்கம், பனந்தோப்பு ஆகியவற்றுள் இரண்டை ஒரே நேர்கோட்டில் பார்த்து, வேறு இரண்டை மற்றொரு கோட்டில் பார்த்து, இரு கோடுகளும் வெட்டும் இடத்தில் வலை போடுவது கடலோரத்தில் நெடுங்காலமாக உள்ள வழக்கம். எந்தப் பார் எங்கே உள்ளது, எந்தத் திட்டு முன்பு நீருக்கு மேல் தெரிந்தது என்பதெல்லாம் மனத்தில் வரைபடமாகப் பதிந்திருந்தது. ஆயினும் இந்த அறிவு தாளில் ஏறவில்லை. ஒரு தீவு எத்தனை ஹெக்டேர் குறைந்தது என்று கேட்டால் எண்ணாகச் சொல்ல அதில் வழியில்லை.

தாளும் படமும்

எண்ணாகச் சொல்ல முதலில் உதவியது இந்திய நில அளவைத் துறையின் வரைபடம். 1969 ஆம் ஆண்டுத் தாள்களில் இத்தீவுகளின் கரைக்கோடுகள் வரையப்பட்டுள்ளன. பின்னர் வந்த ஆய்வுகள் பலவும் அந்தத் தாள்களையே தொடக்கப் புள்ளியாகக் கொண்டன.

இரண்டாவது ஆதாரம் விண்ணிலிருந்து வந்தது. அமெரிக்காவின் முதல் லேண்ட்சாட் செயற்கைக்கோள் 1972 சூலையில் ஏவப்பட்டது. இந்தியாவின் முதல் தொலையுணர்வுச் செயற்கைக்கோளான ஐ.ஆர்.எஸ். 1ஏ, 1988 மார்ச் 17 அன்று பைக்கனூர் ஏவுதளத்திலிருந்து சென்றது. 1995 டிசம்பரில் ஏவப்பட்ட ஐ.ஆர்.எஸ். 1சி, அக்காலத்துக் குடிமைப் பயன்பாட்டுச் செயற்கைக்கோள்களில் மிகக் கூர்மையான படங்களைத் தந்தவற்றுள் ஒன்று. சென்னை அண்ணா பல்கலைக்கழகம் உள்ளிட்ட நிறுவனங்களின் ஆய்வாளர்கள், 1969 ஆம் ஆண்டு வரைபடத்தையும் பிற்காலச் செயற்கைக்கோள் படங்களையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்து, ஒன்றின் மேல் ஒன்றை வைத்து ஒப்பிட்டனர். கரைக்கோடு எங்கே உள்வாங்கியது, எங்கே வெளியே நீண்டது, பவளப்பாறை எங்கே குறைந்தது என்பது அதில் தெரிந்தது.

கேட்க எளிதாகத் தோன்றினாலும் இம்முறையில் இரண்டு இடர்கள் உண்டு.

முதலாவது, படப்புள்ளியின் அளவு. செயற்கைக்கோள் படம் சிறுசிறு சதுரங்களால் ஆனது. ஒவ்வொரு சதுரமும் தரையில் ஒரு குறிப்பிட்ட பரப்பைக் குறிக்கும். அச்சதுரத்துக்குள் இருப்பவை தனித்தனியே தெரியாது. தொடக்ககால லேண்ட்சாட் படத்தின் ஒரு புள்ளி ஏறத்தாழ 80 மீட்டர் பக்கமுள்ள சதுரம். அதன் பரப்பு 6,400 சதுர மீட்டர், அதாவது 0.64 ஹெக்டேர். பூவரசன்பட்டியோ கால் ஹெக்டேர்தான். அந்தத் தீவு முழுவதும் ஒரு படப்புள்ளிக்குள் அடங்கிவிடும். அதைச் சுற்றியிருந்த வெளிர்நிற ஆழமற்ற நீரும் அதே புள்ளியில் கலந்துவிடுவதால், தீவு இருந்தபோதும் படத்தில் தெளிவாகத் தெரிந்திருக்காது. விலாங்குசல்லி ஏறத்தாழ ஒன்றரைப் புள்ளி.

பிற்காலப் படங்களில் நிலைமை மாறியது. ஐ.ஆர்.எஸ். 1ஏ-யின் கூர்மையான கருவியில் ஒரு புள்ளியின் பக்கம் சுமார் 36 மீட்டர். ஐ.ஆர்.எஸ். 1சி-யின் கறுப்பு வெள்ளைப் படத்தில் சுமார் 5.8 மீட்டர். இந்தக் கடைசி அளவில் கால் ஹெக்டேர் என்பது எழுபதுக்கு மேற்பட்ட புள்ளிகள். எனவே, ஒரு தீவு பழைய படத்தில் தெரியவில்லை என்பதால் அப்போது அது இல்லை என்று முடிவு செய்ய இயலாது. மறைந்த இரண்டு தீவுகளும் இருந்தன என்பதற்கு விண்ணிலிருந்து எடுத்த தொடக்ககாலப் படங்களைவிட, கால்நடையாகவும் படகிலும் சென்று அளந்தவர்கள் வரைந்த தாளே வலுவான சான்றாகிறது.

இரண்டாவது இடர், கடலின் ஏற்ற இறக்கம். தாழ்வான மணல்தீவின் விளிம்பு ஓதத்தின்போது நீருக்குள் செல்லும், வற்றத்தின்போது வெளிப்படும். செயற்கைக்கோள் எந்த நேரத்தில் கடந்தது என்பதைப் பொறுத்து ஒரே தீவு ஒரே வாரத்தில் பெரிதாகவும் சிறிதாகவும் தோன்றலாம். பருவக்காற்றும் மணலை இடம் மாற்றும். தென்மேற்குப் பருவத்தில் ஒரு பக்கம் சேரும் மணல் வடகிழக்குப் பருவத்தில் மறுபக்கம் போகக்கூடும். ஆகவே இரண்டே படங்களை வைத்துக்கொண்டு தீவு தேய்கிறது என்று சொல்வது சரியாகாது. பல ஆண்டுகளின் படங்களை, நீர்மட்டத்தைக் கணக்கில் எடுத்து, வரிசையாக வைத்துப் பார்த்தால்தான் நீண்டகாலப் போக்கு புலப்படும்.

படங்களில் தெரிந்த போக்கு

அவ்வாறு வரிசையாக வைத்துப் பார்த்தபோது தூத்துக்குடித் தொகுதியின் நிலை கவலைக்குரியதாக இருந்தது. கரியசல்லித் தீவு 1969 இல் சுமார் 21 ஹெக்டேர் இருந்தது. 2018 இல் அது சுமார் 6 ஹெக்டேராகவும், 2024 இல் சுமார் 3 ஹெக்டேராகவும் சுருங்கியதாகச் சென்னை ஐ.ஐ.டி. சார்ந்த ஆய்வு தெரிவித்தது. தூத்துக்குடிக்கு அருகிலுள்ள வான் தீவு 1986 இல் சுமார் 16 ஹெக்டேர். 2015 ஐ ஒட்டிய ஆண்டுகளில் எஞ்சியது சுமார் 2 ஹெக்டேர். தீவின் நடுப்பகுதி அரிக்கப்பட்டு அது இரண்டு துண்டாகப் பிரியும் நிலையும் ஏற்பட்டது.

இதனால் முதல் புதிருக்கு விடை கிடைத்தது. பூவரசன்பட்டியும் விலாங்குசல்லியும் ஏதோ ஒரு நாளில் நடந்த பேரிடரில் மூழ்கியவை என்று கருத வேண்டியதில்லை. 1964 டிசம்பர் 22-23 இரவில் தனுசுகோடியைப் புயலும் கடலலையும் அழித்ததைப் போன்ற நிகழ்வுகள் இக்கடலோரத்தில் உண்டு. மக்கள் நினைவில் நிற்பவையும் அவையே. ஆனால் தீவுகளின் கதை மெதுவானது. கரியசல்லியும் வான் தீவும் ஆண்டுதோறும் சிறிது சிறிதாக இழந்துவந்த அதே வழியில்தான் அந்த இரண்டும் சென்றிருக்கின்றன. மிகச் சிறியவை என்பதால் அவை முதலில் போயின. மெதுவாக நடப்பது கண்ணுக்குத் தெரிவதில்லை. அன்றாடம் பக்கத்திலேயே படகு ஓட்டுபவருக்குக்கூட நேற்றைய தீவும் இன்றைய தீவும் ஒன்றாகவே தெரியும். முப்பது, நாற்பது ஆண்டுகளை ஒரே திரையில் சுருக்கிக் காட்டியதே படங்களின் பெரும்பயன்.

காரணத்தைத் தேடி

தீவு எவ்வளவு குறைந்தது என்பதைப் படம் காட்டியது. ஏன் குறைந்தது என்பதை அதனால் முழுமையாகக் காட்ட முடியவில்லை. அந்தக் காரணம் நீருக்கடியிலும், கரையிலிருந்த சுண்ணாம்புச் சூளைகளிலும் இருந்தது.

பவளப்பாறை ஏறத்தாழ முழுவதும் கால்சியம் கார்பனேட்டால் ஆனது. எனவே அது சுண்ணாம்புக்கும், கால்சியம் கார்பைடு போன்ற வேதிப்பொருள் தயாரிப்புக்கும், கட்டடக் கல்லாகவும் பயன்பட்டது. 1960களிலிருந்து பல பத்தாண்டுகள் மன்னார் வளைகுடாவில் பவளம் வெட்டி எடுக்கப்பட்டது. படகில் சென்று, ஆழமற்ற நீரில் இறங்கிக் கடப்பாரையால் பெயர்த்து, கரைக்குக் கொண்டுவருவது ஒரு தொழிலாகவே நடந்தது. வேறு வேலை கிடைக்காத குடும்பங்கள் அதில் கூலி பெற்றன. தூத்துக்குடித் தொகுதியில் இது மிகுதியாக நடந்தது. தீவுகள் மிகுதியாகத் தேய்ந்ததும் அதே தொகுதியில்தான்.

தூத்துக்குடியிலுள்ள சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிலையத்தினர் 2003 முதல் 2005 வரை எல்லாத் தீவுகளையும் சுற்றி நீரில் மூழ்கி ஆய்வு செய்தனர். சுமார் 110 சதுர கிலோமீட்டர் பவளப்பாறைப் பரப்பில் 32 சதுர கிலோமீட்டர் ஏற்கெனவே சிதைந்துவிட்டது என்று அவர்கள் கணக்கிட்டனர். அந்த ஆய்வில் 117 பவள இனங்களும் பதிவாயின. செயற்கைக்கோள் படத்தில் பாறை, உயிருள்ள பவளம், இறந்து பாசி படர்ந்த பவளம், கடற்புல் ஆகியவற்றைப் பிரித்தறிவது கடினம். நீரின் கலங்கலும் ஆழமும் நிறத்தை மாற்றிவிடும். கடலடியில் நேரில் பார்த்துக் குறித்த இடங்களைப் படத்தோடு பொருத்தும்போதுதான் நிறத்துக்குப் பொருள் கிடைத்தது.

2001 இல் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. 2004 டிசம்பர் ஆழிப்பேரலைக்குப் பிறகு பவளப்பாறை கரைக்கு அரண் என்னும் எண்ணம் கடலோர ஊர்களில் வலுப்பெற்றது. 2005 இல் பவளம் வெட்டுவது நின்றது. ஆயினும் வெட்டப்பட்ட பாறை உடனே வளர்ந்துவிடுவதில்லை. பாரின் உயரம் திரும்பப் பல பத்தாண்டுகள் ஆகும். இதற்கிடையே கடல்நீர் சூடேறுவதால் ஏற்படும் பவள வெளிறல் புதிய இடையூறாக வந்தது. 2010 இலும் 2016 இலும் ஏற்பட்ட வெளிறல்கள் கடுமையானவை. 2016 நிகழ்வில் உயிருள்ள பவளத்தின் பங்கு 38.9 விழுக்காட்டிலிருந்து 22.7 விழுக்காடாகக் குறைந்தது. கடல்மட்ட உயர்வும் தாழ்வான இத்தீவுகளுக்கு எதிராகவே உள்ளது. ஆகவே தீவுகள் தேய்வதற்கு ஒரே காரணம் என்று இல்லை. எனினும் தொடக்கம், தீவின் முன்னாலிருந்த பாரை மனிதர் பெயர்த்ததுதான்.

ஒளியால் அளந்த சேது

இதே கடலின் வடகிழக்கு எல்லையில் வேறொரு புதிர் இருந்தது. தனுசுகோடிக்கும் இலங்கையின் தலைமன்னாருக்கும் இடையில் உள்ள சேது என்றும் ஆதாம் பாலம் என்றும் அழைக்கப்படும் மணல்திட்டுத் தொடரின் நீருக்கடியிலான வடிவம் எப்படிப்பட்டது என்பதே அது. இதன் இலங்கைப் பகுதி 2015 இல் அந்நாட்டு அரசால் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. இத்தொடரின் குறுக்கே கப்பல் கால்வாய் வெட்டும் சேதுசமுத்திரத் திட்டம் 2005 இல் தொடங்கப்பட்டு, பின்னர் வழக்குகளால் நின்றது. இதன்மீது மக்களுக்கு உள்ள சமய நம்பிக்கையும் ஆழமானது. இவற்றால் பேச்சு மிகுதியாகவும் அளவீடு குறைவாகவும் இருந்த இடம் இது. பல இடங்களில் ஆழம் மிகக் குறைவு என்பதால் அளவைக் கப்பல்கள் சென்று ஒலியலையால் அளப்பதும் எளிதல்ல.

இந்திய விண்வெளி ஆய்வு மையத்தின் கீழ் இயங்கும் தேசியத் தொலையுணர்வு மைய அறிவியலாளர்கள், அமெரிக்காவின் ஐஸ்சாட்-2 செயற்கைக்கோள் தரவைக் கொண்டு இதை அளந்தனர். 2018 செப்டம்பரில் ஏவப்பட்ட அச்செயற்கைக்கோள் பச்சை நிற லேசர் ஒளியைத் துடிப்புகளாகக் கீழே அனுப்புகிறது. பச்சை ஒளி தெளிந்த நீருக்குள் ஊடுருவிக் கடலடியில் பட்டுத் திரும்பும். நீர்ப்பரப்பிலிருந்து திரும்பிய ஒளித்துகளுக்கும் கடலடியிலிருந்து திரும்பிய ஒளித்துகளுக்கும் உள்ள நேர வேறுபாட்டைக் கொண்டு ஆழத்தைக் கணக்கிடலாம்.

2018 அக்டோபர் முதல் 2023 அக்டோபர் வரை சேகரித்த சுமார் இரண்டு இலட்சம் ஒளித்துகள் பதிவுகளிலிருந்து உருவான வரைபடம் 2024 இல் வெளியானது. அதன்படி தொடரின் நீளம் 29 கிலோமீட்டர். கடலடியிலிருந்து அதன் உயரம் சுமார் 8 மீட்டர். 99.98 விழுக்காடு ஆழமற்ற நீருக்குள் மூழ்கியுள்ளது. இடையிடையே இரண்டு முதல் மூன்று மீட்டர் ஆழமுள்ள 11 குறுகிய வாய்க்கால்கள் உள்ளன. மன்னார் வளைகுடாவுக்கும் பாக்கு நீரிணைக்கும் இடையே நீர் போய்வர இவை வழியாகின்றன. இந்த ஆய்வு அளந்தது வடிவத்தை மட்டுமே. அது எவ்வாறு தோன்றியது என்பது வேறு கேள்வி. தீவுகளின் விஷயத்தில் கண்ட அதே வரம்பு இங்கும் உண்டு. 'எவ்வளவு' என்பதற்கு விண்ணிலிருந்து விடை சொல்லலாம். 'எதனால்' என்பதற்கு மண்ணையும் பாறையையும் எடுத்துப் பார்க்க வேண்டும்.

மீட்புப் பணி

காரணம் தெரிந்தபின் மாற்றும் தெரிந்தது. தீவைச் சுற்றிக் கல்லைக் கொட்டிச் சுவர் எழுப்புவதைவிட, தீவின் முன்னால் இழந்த பாருக்கு ஈடாகச் செயற்கைப் பார் அமைப்பது ஏற்றதாகக் கருதப்பட்டது. வான் தீவுக்கு முன்னால் 2015 டிசம்பர் முதல் 2019 வரை, ஓட்டைகள் உள்ள சரிவக வடிவச் சிமெண்டுக் கட்டமைப்புகள் சுமார் 10,600 கடலடியில் இறக்கப்பட்டன. தமிழ்நாடு அரசு, சென்னை ஐ.ஐ.டி., சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிலையம் ஆகியவை இதில் பங்கேற்றன. ஓட்டைகள் அலையின் வேகத்தைத் தணிப்பதோடு மீன்களுக்கு ஒதுங்குமிடமாகவும் அமைகின்றன. அவற்றின்மேல் பவளக் குஞ்சுகள் ஒட்டி வளரத் தொடங்கின. தீவின் தேய்வு நின்று, சிறிது மணல் மீண்டும் சேர்ந்தது.

இந்தப் பட்டறிவைக் கொண்டு கரியசல்லித் தீவையும் காக்கும் திட்டம் பின்னர் தொடங்கப்பட்டது. மறைந்த இரண்டு தீவுகளுக்குக் கிடைக்காத வாய்ப்பு கரியசல்லிக்குக் கிடைத்ததற்குக் காரணம், அது தேய்வது எண்ணாகவும் படமாகவும் முன்கூட்டியே தெரிந்ததுதான்.

பூங்காவும் மக்களும்

திரையில் இப்பூங்காவை யாரும் சுற்றிவரலாம். நேரில் அவ்வாறு செல்ல முடியாதவர்களுள் முதன்மையானோர் அக்கரையிலேயே வாழும் மக்கள். பாம்பன், மண்டபம், ஏர்வாடி வட்டாரங்களில் மீனவக் குடும்பத்துப் பெண்கள் நெடுங்காலமாகத் தீவுகளைச் சுற்றிய ஆழமற்ற நீரில் மூழ்கிக் கடற்பாசி சேகரித்து வந்தனர். கையில் துணி சுற்றி, கண்ணாடி அணிந்து, மூச்சடக்கிச் செய்யும் கடுமையான வேலை இது. பூங்காவின் எல்லை அறிவிக்கப்பட்டு, 2000களில் கண்காணிப்பு இறுகியபோது, அவர்களின் தொழில் சட்டமீறலாக மாறியது. தண்டமும் பறிமுதலும் அவர்களுக்குப் பழக்கமாயின. பாசி மீண்டும் வளர இடைவெளி தேவை என்பதை உணர்ந்து, மாதத்தில் 12 நாட்கள் மட்டும் எடுப்பது என்று அவர்களே கட்டுப்பாடு வகுத்துக்கொண்டனர்.

பவளத்தை வெட்டியது பேரளவுத் தேவைக்காக. அதன் விளைவாக வந்த தடையின் சுமையோ பாசி எடுப்போர் மீதும் சிறு வலைக்காரர் மீதும் விழுந்தது. செயற்கைக்கோள் படத்தில் தீவின் கரைக்கோடு தெரியும். அந்தக் கரைக்கோட்டைக் காக்க யார் எதை விட்டுக்கொடுத்தனர் என்பது தெரியாது. பூங்காவின் வரலாற்றை எழுதுவோர் இந்த இரண்டாவது கணக்கையும் சேர்க்க வேண்டியுள்ளது.

புதுச்சேரிக் கரையில் இதே முறை

வரைபடத்தையும் படத்தையும் அடுக்கிப் பார்க்கும் முறை தேசியப் பூங்காவுக்கு மட்டும் உரியதல்ல. புதுச்சேரி நகரின் மணற்கரை காணாமற்போனதும் இவ்வாறே விளக்கப்பட்டது. இக்கரையில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்காக நகர்கிறது. 1980களின் பிற்பகுதியில் அரியாங்குப்பம் ஆற்றுமுகத்தில் துறைமுகத்துக்காக அலைதடுப்புச் சுவர்கள் எழுப்பப்பட்டன. சுவருக்குத் தெற்கே மணல் சேர்வதையும், வடக்கே கரை அரிக்கப்படுவதையும் அடுத்தடுத்த ஆண்டுகளின் படங்கள் காட்டின. தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனத்தின் திட்டத்தில், தலைமைச் செயலகத்துக்கு எதிரே நீரில் மூழ்கிய செயற்கைப் பார் 2018 இல் அமைக்கப்பட்டபின், நகரக் கரையில் மணல் மீண்டும் சேர்ந்தது. வான் தீவில் கையாண்ட அதே கருத்துதான் இது.

புதுச்சேரியின் தெற்கே பாகூர் கொம்யூனில், தென்பெண்ணையாற்றை ஒட்டிய குருவிநத்தம் போன்ற ஊர்களுக்கும் இம்முறை பயன்படும். 2024 டிசம்பர் தொடக்கத்தில் பெஞ்சல் புயல் மழையாலும் சாத்தனூர் அணையிலிருந்து திறக்கப்பட்ட நீராலும் தென்பெண்ணை பெருகி, அதன் கரையோரப் பகுதிகளை மூழ்கடித்தது. ஆறு முன்பு எங்கே அகன்றிருந்தது, எந்த ஓடை தூர்ந்தது, எந்த வயல் பழைய ஆற்றுப்படுகை என்பவை பழைய நில அளவைத் தாள்களிலும், கடந்த 50 ஆண்டுகளின் செயற்கைக்கோள் படங்களிலும் பதிவாகியுள்ளன. இந்திய விண்வெளி ஆய்வு மையம் 2009 இல் தொடங்கிய 'புவன்' இணையவாயிலிலும், கட்டணமின்றிக் கிடைக்கும் லேண்ட்சாட் தொகுப்பிலும் பள்ளி மாணவர்களே இவற்றைப் பார்க்கலாம்.

அவ்வாறு பார்ப்போர் மன்னார் வளைகுடா ஆய்வுகளிலிருந்து மூன்று பாடங்களைக் கொள்ளலாம். முதலாவது, படப்புள்ளியைவிடச் சிறியது படத்தில் இல்லை என்பதால் அது நிலத்திலும் இல்லை என்று கொள்ளக்கூடாது. இரண்டாவது, நீர்மட்டமும் பருவமும் ஒத்த படங்களையே ஒப்பிட வேண்டும். மூன்றாவது, படத்தில் கண்ட மாற்றத்துக்குக் காரணத்தை அவ்விடத்தில் வாழ்ந்தவர்களிடம் கேட்டறிய வேண்டும். பூவரசன்பட்டியும் விலாங்குசல்லியும் இருந்த இடத்தில் இன்று அலைதான் தெரிகிறது. அவை இருந்தன என்பதற்கு 1969 ஆம் ஆண்டுத் தாளும், அவற்றின் அருகே படகு ஓட்டிய முதியோரின் நினைவும் சான்றாக உள்ளன.